பிளாவும் கண்ணாடிக் குவளையும்

ஆடிப்பிறப்புக் கழிந்து ஒரு கிழமை சென்றிருக்கும். எங்கள் வளவிலுள்ள கறுத்தக்கொழும்பான் மாமரம் அவ்வாண்டின் கடைசிப் பழங்களைத் தந்துகொண்டிருந்தது. கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் தம்பியின் மகன் ஒரு மாலைப்பொழுதில் குசினிக்குள் புகுந்து, "இண்டைக்கு எல்லாருக்கும் நான் ஒரு சாமான் செய்து தாறன்" என்றான். மூன்று மாம்பழங்களைத் தோல் சீவித் துண்டாக்கினான். தேங்காயின் முதற்பால் ஒரு குவளை, இரண்டு கரண்டி சீனி, ஒரு தட்டுப் பனிக்கட்டி ஆகியவற்றைப் பழத்துடன் சேர்த்து அரைக்கும் இயந்திரத்தில் இட்டான். விமான நிலையத்தில் வாங்கிய றம் போத்தலைத் திறந்து, ஆளுக்கு அறுபது மில்லிலீற்றர் என்று கணக்கிட்டு ஊற்றினான். தேசிப்புளியைக் கடைசியாகவே விட்டான். முன்னரே விட்டால் தேங்காய்ப்பால் திரைந்துவிடும் என்பதை அவன் அறிந்திருந்தான். இயந்திரம் அரை நிமிடம் இரைந்து ஓய்ந்தது. பொன்னிறமாக, நுரை ததும்ப, கண்டவர் நாவூறும் வண்ணம் அப்பானம் கண்ணாடிக் குவளைகளில் வந்திறங்கியது.

"பெரியப்பா, குடிச்சுப் பாருங்கோ. குடிக்கிற மாதிரியே தெரியாது" என்று என்னிடமும் ஒரு குவளையை நீட்டினான்.

அவ்வேளையிற்றான் பின்வளவுப் படலையைத் திறந்துகொண்டு முதியவர் ஒருவர் வந்தார். எங்கள் வளவுப் பனைகளில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஏறி இறங்கியவர். கால் இடங்கொடாமையால் தொழிலை விட்டவர். அவரைப் பற்றிப் பின்னர் கூறுவேன்.

ஒரு வீட்டுக் குசினியில் நிகழ்ந்த இச்சிறு நிகழ்ச்சியைப் பத்திரிகையில் எழுதுவது எதற்கு என வாசகர் வினவலாம். காரணம் உண்டு. பழச்சாற்றோடு மதுவைக் கலந்து குளிரூட்டிப் பருகும் வழக்கம் யாழ்ப்பாணத்து விடுதிகளுக்கும், வெளிநாட்டு உறவினர் வந்துசேரும் வீடுகளுக்கும் இன்று புதிதாக வந்திருக்கின்றது. இறக்குமதியான றம்முக்குப் பதிலாக நமது பனஞ்சாராயத்தை இத்தகைய கலவைக்கு ஆதாரமாக்கலாம், அதனால் நலிந்துள்ள பனைத்தொழில் நிமிரும் என்னும் பேச்சும் எழுந்துள்ளது. இப்பேச்சை ஏற்பதா, மறுப்பதா என்று துணியுமுன், அக்குவளைக்குள் இருப்பது யாது, அதனை அங்கே கொண்டுவந்து சேர்த்தோர் யாவர் என்பவற்றை ஆராய்தல் நம் கடனாகும்.

ஐந்து பொருள்

நாம் மேனாட்டுப் புதுமை என எண்ணும் இக்கலவையின் மூலம் கீழ்நாடேயாம். ஆங்கிலேயர் 'பஞ்ச்' என வழங்கும் பானத்தின் பெயர் முதன்முதலிற் காணப்படுவது, 1632ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பனியைச் சேர்ந்த ஒருவர் எழுதிய கடிதத்திலாகும். அக்கம்பனியின் மருத்துவராக 1670களில் இந்தியாவிற் பணிபுரிந்த ஜோன் பிறையர், 1698இல் வெளியான தம் பயண நூலில், ஐந்து பொருள்களாலாயது என்பதால் இந்துஸ்தானி மொழியின் 'பஞ்ச்' என்னும் எண்ணுப்பெயரை அப்பானம் பெற்றது என விளக்கியுள்ளார். மதுப்பீப்பாய் ஒன்றன் பெயரிலிருந்து இச்சொல் வந்ததெனக் கருதுவாரும் உளர். பெயர் எவ்வாறாயினும் பொருள்கள் ஐந்தே: சாராயம், சர்க்கரை, புளிப்புப் பழச்சாறு, நீர், வாசனைத் திரவியம்.

அக்காலத்துப் பஞ்சில் இடம்பெற்ற சாராயம் கீழ்த்திசைச் சாராயம். கோவாவிலும் இலங்கையிலும் அது தென்னங்கள்ளிலிருந்து வடிக்கப்பட்டது. மாலுமிகளும் வணிகரும் இப்பானத்தை மேற்குக்கு எடுத்துச் சென்றனர். ஆங்கே கரிபியன் தீவுகளில், கரும்பிலிருந்து சீனி எடுத்தபின் எஞ்சிய பாகினைப் புளிக்கவைத்து வடித்த றம் மலிவாகக் கிடைத்தது. காலப்போக்கிற் சாராயத்தின் இடத்தை றம் கைப்பற்றிக்கொண்டது. எனவே, என் தம்பி மகன் கனடாவிலிருந்து கொணர்ந்த செய்முறை உண்மையிற் புறப்பட்ட கரைக்கே திரும்பி வந்த செய்முறையாகும்.

றம்மின் வரலாறு இனிப்பானதன்று. பதினேழாம் நூற்றாண்டிற் பார்படோஸ் முதலிய தீவுகளிற் கரும்புத் தோட்டங்கள் பெருகின. ஆபிரிக்காவிலிருந்து கப்பல்களில் அடைத்துக் கொண்டுவரப்பட்ட அடிமைகள் அங்கே கரும்பு வெட்டினர், ஆலை ஓட்டினர், கொதிக்கும் பாகின் முன் நின்று வெந்தனர். அவர்கள் உழைப்பில் விளைந்த சீனி ஐரோப்பியரின் தேநீரிலும், றம் அவர்தம் மதுக்கிண்ணத்திலும் கலந்தன. சுவைத்தோர் எவரும் உழைத்தோரின் முகம் கண்டிலர்.

கலவை இன்றைய வடிவம் பெற்றது சென்ற நூற்றாண்டிலாகும். கியூபாவின் சந்தியாகோ நகருக்கு அண்மையிலுள்ள டைகிரி என்னும் சுரங்க ஊரின் பெயரால், றம்மும் தேசிப்புளியும் சீனியும் சேர்ந்த கலவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அறியப்படலாயிற்று. 1920 முதல் 1933 வரை ஐக்கிய அமெரிக்காவில் மதுவிலக்கு நிலவியபோது அந்நாட்டார் ஹவானாவுக்குப் படையெடுத்தனர். அமெரிக்காவில் 1922இல் ஸ்டீவன் பொப்லாவ்ஸ்கி என்பவர் பால்பானங்கள் கலப்பதற்கென அமைத்த மின்னியந்திரம், 1937இல் இசைக்குழுத் தலைவரான பிரெட் வாறிங் என்பவரின் பெயரோடு திருத்திய வடிவிற் சந்தைக்கு வந்தது. அவர் அதனை மதுச்சாலைகள்தோறும் கொண்டு சென்று, பனிக்கட்டியையும் பழத்தையும் நொடியிற் கூழாக்கிக் காட்டி விற்றார். 1954இல் புவேர்ட்டோ றிக்கோவின் தலைநகரிலுள்ள விடுதியொன்றில் அன்னாசியும் தேங்காய்ப்பாலும் றம்மும் கலந்த 'பீனா கொலாடா' உருவாயிற்று என்பர். 1978இல் அத்தீவு அதனைத் தன் தேசிய பானமாகப் பிரகடனஞ் செய்தது. தேங்காய்ப்பாலையும் பழத்தையும் நம்மவர்க்கு அந்நியர் கற்பித்தல் வேண்டியதில்லை. எனினும், அவை இரண்டும் றம்மோடு சேர்ந்து நம்மிடம் வந்தமைக்கு இவ்வளவு நீண்ட வழி இருந்திருக்கின்றது.

'தெரியாது' என்பதன் பொருள்

"குடிக்கிற மாதிரியே தெரியாது" என்ற வாக்கியத்தை நான் எளிதில் மறக்கவில்லை. வாழ்நாளெல்லாம் தமிழ் கற்பித்தவனுக்குச் சொற்களைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் முதுமையிலும் விடாது.

அவ்வாக்கியம் உண்மையானதே. சீனி சாராயத்தின் எரிவை அடக்குகின்றது. புளிப்பு அதன் கசப்பை மறைக்கின்றது. தேங்காய்ப்பாலின் கொழுப்பு நாவின்மீது படிந்து காரத்தைத் தணிக்கின்றது. குளிர் நாவின் உணர்வையே மழுங்கச் செய்கின்றது. குளிரிற் சீனியின் இனிப்பும் குறைந்தே தோன்றுமாதலின், மேலும் சீனி இடவேண்டியதாகின்றது. ஆனால், நாவினை ஏமாற்றலாம். ஈரலை ஏமாற்றல் இயலாது. நூற்றுக்கு முப்பத்தைந்து பங்கு மதுசாரமுள்ள சாராயம் அறுபது மில்லிலீற்றரில் ஏறத்தாழ பதினாறு கிராம் தூய மதுசாரம் அடங்கியுள்ளது. பழத்தோடு கலந்தமையால் அதில் ஒரு துளியும் குறைவதில்லை. தீங்கற்ற அளவு என்று மதுவில் எதுவும் இல்லையென உலக சுகாதார நிறுவனம் 2023இல் ஐயத்துக்கிடமின்றிக் கூறிவிட்டது. இன்னும் ஓர் அபாயமும் உண்டு. நல்ல சாராயத்தின் காரத்தை மறைக்கும் பழச்சாறு, கள்ளத்தனமாக வடிக்கப்படும் கசிப்பின் தீநாற்றத்தையும் மறைத்துவிடும். 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் அனுமதியின்றி மது வடிப்பதைக் குற்றமாக்கியது. ஆயினும் 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் தீர்வை மேன்மேலும் உயர, சட்டப்படியான போத்தலை வாங்க மாட்டாதார் பலர் கசிப்பை நாடினர் என்பது நாடறிந்த செய்தி.

ஆகவே இக்கலவையின் இயல்பே மறைத்தலாகும். மதுவை மறைப்பது ஒன்று. மதுவை ஆக்கிய கையை மறைப்பது மற்றொன்று. முதலாவதனை மருத்துவர் பேசுவர். இரண்டாவதனைப் பேசுவார் அரியர்.

பனையடியில்

றம்முக்குப் பதிலாகப் பனஞ்சாராயம், சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டிப் பாகு என்று கொண்டால், அக்கலவைக்கு வேண்டிய யாவும் குடாநாட்டு மண்ணிலேயே உள்ளன. மாம்பழமும் தேங்காயும் தேசிக்காயும் வளவிற் கிடைக்கும். ஆனால் பனஞ்சாராயம் மரத்திற் காய்ப்பதன்று. ஒரு மனிதன் காலிலே தளைநார் பூட்டி, இடுப்பிலே பாளைக்கத்தி செருகி, அறுபது எழுபது அடி உயரமுள்ள மரத்தில் ஏறுகின்றான். பாளையை நசித்துக் கட்டி, நுனியை மெல்லிதாகச் சீவி, முட்டியைப் பொருத்திவிட்டு இறங்குகின்றான். காலையும் மாலையும் சீவாவிடிற் பாளை வாய் அடைத்துக்கொள்ளும். ஆதலின் ஒவ்வொரு மரத்திலும் நாளுக்கு இருமுறை ஏறல் வேண்டும். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் ஊறுவது இனிய கருப்பணி. பூசாதுவிட்டால், காற்றிலுள்ள நுண்ணுயிர்கள் சில மணி நேரத்தில் அதன் வெல்லத்தை மதுசாரமாக்கக் கள் பிறக்கின்றது. அக்கள்ளில் மதுசாரம் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவிலேயே இருக்கும். அதனை வடித்தாற் கிடைப்பது சாராயம். மழை பெய்த மரம் வழுக்கும். ஒரு கணம் பிடி நழுவினால் ஒரு குடும்பம் அநாதையாகும். பனையிலிருந்து விழுந்து மாண்டோரையும் முடமானோரையும் அறியாத ஊர் வடமராட்சியிலும் இல்லை, தென்மராட்சியிலும் இல்லை.

நம் புலவர்கள் பனையைப் பாடத் தவறினாரல்லர். பனையின் பயன் எண்ணூற்றொன்று என்பது வழிவழி வந்த வழக்கு. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் 'தாலவிலாசம்' என நூலே செய்தார். ஆயினும் மரத்தைப் பாடிய அளவுக்கு மரமேறியை நாம் பாடினோமா என்பது வினாவாகவே நிற்கின்றது.

சீவல் தொழிலாளர் வாழ்வில் ஒரு திருப்பம் 1972இல் வந்தது. கள் விற்பனை தனியாரான குத்தகைக்காரரின் கையிலிருந்து நீங்கி, தொழிலாளரே அங்கத்தவராயுள்ள கூட்டுறவுச் சங்கங்களிடம் சென்றது. ஐரோப்பியர் விட்டுச்சென்ற சொல்லாகிய 'தவறணை' நிலைத்தது. அதன் உடைமை மாறியது. பருவத்தில் மிகுதியாக இறங்கும் கள் வீணாய் நிலத்திற் கொட்டப்படாதவாறு போத்தலில் அடைக்கவும் சாராயமாக வடிக்கவும் முயற்சிகள் நடந்தன. 1978இற் பனை அபிவிருத்திச் சபை அமைந்தது. கைதடியில் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. வடமராட்சித் திக்கத்தில் வடிசாலை எழுந்தது. பின்னர் போர் வந்தது. எண்ணற்ற பனைகள் அரண்களுக்கும் பதுங்குகுழிகளுக்கும் இரையாயின. வடிசாலையும் சிதைந்தது. போர் ஓய்ந்த பின்னரும் அவ்வடிசாலை யார் பொறுப்பில் இயங்கல் வேண்டும் என்பது சங்கங்களுக்கும் அதிகாரிகளுக்கும் இடையே பன்முறை வாதத்துக்குள்ளாயிற்று. அவ்வாதம் வெறும் நிருவாக விவகாரமன்று. பனஞ்சாராயம் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் அழகிய போத்தலில் விற்கப்படுங்கால், அதன் விலையில் மரமேறியவனுக்கு எத்தனை சதம் வந்துசேரும் என்பதே அதன் உட்பொருள்.

குவளையின் வரலாறு

இவ்விடத்தில் நாம் விரும்பாத ஒரு வரலாற்றை நினைத்தல் அவசியமாகின்றது.

கள்ளைப் பனையோலைப் பிளாவில் வார்த்து மரத்தடியிற் குந்தியிருந்து குடித்தவர்களில் எல்லாச் சாதியினரும் இருந்தனர். கள்ளை இறக்கிய கை எவருடையது என்று எவரும் ஆராய்ந்தாரல்லர். அதே கையுடையவர் சந்தியிலுள்ள தேநீர்க்கடைக்குச் சென்றால், அவருக்கு வாங்கில் இடமில்லை. கண்ணாடிக் குவளையும் இல்லை. சிரட்டையிலோ, போத்தலிலோ, தகரப்பேணியிலோ ஊற்றிக் கொடுத்தனர். மரத்தடியில் இல்லாத தீட்டு தேநீர்க்கடையில் எங்கிருந்து வந்தது? வேண்டியபோது மறக்கவும் வேண்டாதபோது நினைக்கவும் கூடிய தீட்டாகவே அது இருந்தது.

1957ஆம் ஆண்டிற் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. எனினும் சட்டம் குவளையைத் தந்துவிடவில்லை. 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கித் தீண்டாமைக்கெதிரான ஊர்வலம் புறப்பட்டது. பொலிசாரின் தாக்குதலுக்கும் உள்ளானது. அதனைத் தொடர்ந்து சங்கானை முதலாய ஊர்களில் தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்கள் நடந்தன, உயிர்கள் பலியாயின. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் நுழைவுப் போராட்டம் நடந்தது. ஒரு குவளை தேநீருக்காக மனிதர் இரத்தஞ் சிந்தினர் என்பதை இன்றைய மாணவருட் பலர் நம்ப மாட்டார். அவர்கள் கே. டானியலின் 'பஞ்சமர்' நாவலைப் படித்தல் நன்று. ஐந்து பொருள்களால் ஒரு பானம் பெயர்பெற்றது போன்று, ஐந்து சமூகத்தாரை ஒதுக்கி வைத்து நாம் இட்ட பெயர் அது. கள்ளிறக்கிய சமூகமும் அவ்வைந்தனுள் அடங்கும்.

செய்யத்தக்கது யாது?

பனஞ்சாராயத்தைப் பழச்சாற்றோடு கலந்து உலகச் சந்தைக்கு அனுப்பினாற் பனைத்தொழில் வாழும் என்போரின் நோக்கத்தை நான் ஐயுறவில்லை. ஆயின், அவ்வாதத்தில் இரண்டு சிக்கல்கள் உள்ளன.

முதலாவது, குடியாற் சீரழிந்த குடும்பங்களை நாம் கண்முன் காண்கின்றோம். சீவல் தொழிலாளரின் குடும்பங்களும் அவற்றுள் அடங்கும். சென்ற நூற்றாண்டில் சைவரும் கிறித்தவரும் ஒருங்கே நின்று குடாநாட்டில் மதுவிலக்கைப் பேசியது வீண்பேச்சன்று. ஒரு தொழிலாளியை வாழ்விக்க மற்றொரு தொழிலாளியைக் குடிக்கச் சொல்வது அறமாகாது. இதற்கு முழுவிடை என்னிடம் இல்லை. ஓரளவு விடை உண்டு. ஐந்து பங்கு மதுசாரமுள்ள கள்ளையும் முப்பத்தைந்து பங்குள்ள சாராயத்தையும் ஒரே கண்கொண்டு நோக்கலாகாது. தீர்வையானது மதுசாரத்தின் வலிமைக்கேற்ப ஏறி இறங்கினால், வடித்த மதுவினும் இயற்கையான கள் முன்னிற்கும். தமிழ்நாட்டில் 1987 முதற் கள் தடைசெய்யப்பட்டிருக்க, வடித்த மதுவை அரசே கடை வைத்து விற்கும் விந்தையைக் காண்கின்றோம். கேரளத்திற் கள்ளுக்கடைகள் சட்டப்படி இயங்குகின்றன. இவ்விரண்டனுள் எவ்வழி மரமேறிக்கு நன்மை செய்தது என்பதை நம் ஆட்சியாளர் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். கருப்பணியைக் குளிரூட்டி, மாம்பழமோ நுங்கோ சேர்த்து அடித்தால், மதுவே இல்லாத ஓர் அரிய பானம் கிடைக்கும். குழந்தைகளும் அதனைப் பருகலாம். அதற்கும் பாளை சீவும் கையே வேண்டும்.

இரண்டாவது சிக்கல் இதனினும் ஆழமானது. இளைஞர் பனையேற மறுக்கின்றனர். உயிராபத்து ஒரு காரணம். வருவாய்க் குறைவு மற்றொன்று. ஆனால் இவற்றை நீக்கினும் எஞ்சி நிற்பது இழிவு. காப்புறுதி அளிக்கலாம், ஏறுவதற்குப் பொறி அமைக்கலாம், ஓய்வூதியம் வழங்கலாம். இவை யாவும் வேண்டியவையே. போத்தலின் மேற்பட்டையிற் கூட்டுறவுச் சங்கத்தின் பெயர் பொறிக்கப்பட்டு, இலாபத்திற் குறித்த பங்கு அங்கத்தவரைச் சேர்தலும் வேண்டும். எனினும், தொழில் செய்பவனைத் திண்ணையில் ஏற்றாத சமூகம் அவன் தொழிலை உலகச் சந்தையில் ஏற்ற முயல்வது, வேரை வெட்டிவிட்டுக் கொப்புக்கு நீர் வார்ப்பதாகும்.

எங்கள் வீட்டுக் குவளை

படலையடியில் வந்து நின்ற முதியவரைப் பற்றிக் கூறுவதாகச் சொன்னேன்.

அவர் தம் பேத்தி பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருக்கின்றாள் என்ற செய்தியைச் சொல்லவே வந்திருந்தார். அவளுக்குச் சில ஆண்டுகள் நான் இலக்கணம் கற்பித்ததுண்டு. விறாந்தைக்கு வரும்படி நான் அழைத்தேன். "இல்லை வாத்தியார், இதிலை நிக்கிறன்" என்று மாமரத்தின் கீழேயே நின்றார். என் தம்பி மகன் உற்சாகத்தோடு, "அவருக்கும் ஒண்டு குடுங்கோ" என்றான். உள்ளேயிருந்து அவருக்கும் அப்பானம் வந்தது, காகிதக் குவளையில். பிறந்தநாட் கொண்டாட்டத்துக்கு வாங்கி மிஞ்சியிருந்த, ஒருமுறை பாவித்து எறியும் குவளை. எங்கள் கைகளிலோ கண்ணாடி.

அவர் அதனை இரு கைகளாலும் வாங்கினார். ஒரு மிடறு குடித்துவிட்டு, "மாம்பழம் நல்லாயிருக்கு" என்றார். சற்று நேரம் பேத்தியைப் பற்றிப் பேசியிருந்து விடைபெற்றுச் சென்றார். போகும்போது வெறுங் குவளையை மடித்துத் தம்முடனேயே கொண்டுபோனார்.

அவர் போனபின் என் தம்பி மகன் கேட்டான்: "ஏன் பெரியப்பா, அவருக்கு மட்டும் அந்தக் கப்?"

கனடாவிற் பிறந்து வளர்ந்தவன். உண்மையாகவே அறியாமல் கேட்டான். குசினியிலிருந்து, "கழுவ வேண்டியதில்லையெண்டுதான்" என்று ஒரு குரல் வந்தது. அவ்விடையை யாவரும் ஏற்றுக்கொண்டோம். நானும் ஏற்றுக்கொண்டவன் போல் வாளாவிருந்தேன். சிரட்டையையும் தகரப்பேணியையும் கண்ட தலைமுறையைச் சேர்ந்த நான், 1966ஐயும் 1968ஐயும் வகுப்பறையிற் பிள்ளைகளுக்கு எடுத்துரைத்த நான், என் வீட்டு முற்றத்தில் வாய் திறக்கவில்லை. எவரும் அவரை அவமதிக்க எண்ணவில்லை என்பது மெய். செய்கின்ற மாதிரியே தெரியாமல் அது செய்யப்பட்டது. அதுவே என்னை உறுத்துகின்றது.

பனைத்தொழிலின் எதிர்காலம் பற்றிச் சபைகளும் சங்கங்களும் அமைச்சுகளும் தீர்மானிக்க வேண்டியவை பல. அவற்றை எழுதுவதும் பேசுவதும் நம் கடமை. ஆனால் எந்தச் சபையின் தீர்மானத்துக்கும் காத்திராமல் ஒவ்வொரு வீட்டிலும் செய்யக்கூடியது ஒன்றும் உண்டு. அன்று எங்கள் வீட்டிற் பானம் பருகியோர் அவரை நீக்கி ஐவர். அலுமாரியில் இருந்த கண்ணாடிக் குவளைகள் ஆறு.